பாதி எனக்கு, பாதி உங்களுக்கு

காலைச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மாத்திரையை வைத்து, அதன்மேல் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த லிஃப்ட் மெக்கானிக். ஒரு பக்கம் பார்த்தார். புரட்டிப் போட்டு மறுபக்கம் பார்த்தார். எடுத்து முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஒரு ருசியும் இல்ல" என்றார்.

"மாத்திரைக்கு என்ன ருசி வேணும் உங்களுக்கு? முழுங்குங்க, நேரமாச்சு" என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். உதட்டோரம் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசும் பழக்கம்.

"மருந்துன்னா கசக்கணும். கசக்கலன்னா என்ன அர்த்தம்?"

"இன்னும் முழுங்கலன்னு அர்த்தம்."

வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயரே 'டார்ச்'தான். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கும்போது எல்லா மெக்கானிக்கும்தான் டார்ச் எடுத்துப்போவார்கள். இவரோ கடைக்காரர் நீட்டிய நோட்டையும், மகளுக்கு வந்த கல்யாண அழைப்பையும்கூட அதே விளக்கை அடித்துப் பார்க்கிற ரகம். அந்தப் பட்டப்பெயரில் கடைசி இரண்டெழுத்து விட்டுப்போய்விட்டது, முழுப்பெயர் 'டார்ச்சர்' என்பது மனைவியின் கட்சி.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிற பெட்டி அது. சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு திருகாணியை நம்பிவிட்டால் கதை முடிந்தது. சந்தேகம்தான் இத்தனை வருஷமாக அவருக்குச் சோறு போட்டது.

அதே சந்தேகத்தோடு அவரை ஆஸ்பத்திரி வாசல் ஏற வைத்தது தம்பியின் சாவு.

தம்பிக்கு நாற்பது தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, வாசலில் குனிந்து ஷூ நாடா கட்டினவன் நிமிரவே இல்லை. குண்டு உடம்பு கிடையாது. குடி, சிகரெட் கிடையாது. ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டது என்றார்கள். "உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படி?" என்று டாக்டர் கேட்டபோதுதான் டார்ச்சுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் ஒரு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டவர். கொடுத்து வைத்த சாவு என்று ஊரே சொன்னது. அது கொழுப்பின் வேலையாக இருக்கும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டார்ச்சுக்கும் கொழுப்பு எக்கச்சக்கம். வலியில்லை, காய்ச்சலில்லை, மூச்சு வாங்கவில்லை. உள்ளே மட்டும் சத்தமில்லாமல் ஏறியிருந்தது. வழக்கமான மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் இறங்கியது, போதுமான அளவு இறங்கவில்லை. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தை வைத்து ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். தம்பியின் முகம் கண்ணுக்குள் நின்றதால் சரி என்று தலையாட்டிவிட்டார்.

சேர்ந்த அன்றே அவருக்கு முள் தைத்துவிட்டது. ஆய்வு நர்ஸ் தலையணை மாதிரி ஒரு காகிதக் கட்டை முன்னால் வைத்து, பாடம் ஒப்பிப்பது போல மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"டாக்டருக்கே தெரியாதா? அப்போ யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் டார்ச்.

"எல்லாம் இதுல விவரமா இருக்கு சார்."

"வெறும் மாத்திரை வந்தவன் கதி என்ன?"

"வெளில நெறைய பேர் காத்திருக்காங்க சார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று சொல்லி அவள் பேனாவை நீட்டினாள்.

போட்டார். போட்ட கையெழுத்து காய்வதற்குள் சந்தேகம் தொடங்கிவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் வராத இடத்தில் நல்ல காரியம் நடக்காது என்பது அவர் கணக்கு.

அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்ற மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன். பாத்திரக் கடை வைத்திருப்பவர். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் கைபேசியில் வருவதை எல்லாருக்கும் தள்ளிவிடுவதே அவருக்குத் தொழில். "கொழுப்பு மாத்திரை தசையைத் தின்னும்! டாக்டர்கள் மறைக்கும் உண்மை!" என்று ஒரு செய்தி. "மனுஷங்கள எலியாக்குற ஆஸ்பத்திரிகள்" என்று இன்னொன்று. கீழே மச்சானின் கைவண்ணம்: 'மாப்ள, உஷார்.'

டார்ச் உஷாரானார். முன்பிருந்தே சாப்பிட்டுவந்த, ஆய்விலும் தொடரச் சொன்ன வழக்கமான மாத்திரையை மனைவி பார்க்காத நேரம் ஜன்னலோரப் பூந்தொட்டி மண்ணில் புதைக்க ஆரம்பித்தார். தம்பியை நினைத்து ஆய்வு மாத்திரையை மட்டும் விழுங்கினார். அதிலும் நிம்மதி இல்லை. தனக்குக் கிடைத்தது வெறும் மாத்திரைதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். 'எனக்கு என்னைக்கு நல்லது கெடச்சிருக்கு?' என்பது ஒரு ஆதாரம். உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்பது இன்னொரு ஆதாரம்.

அந்த ஆய்வு அறையின் வாசலில்தான் பேக்கரிக்காரர் அறிமுகமானார். டார்ச்சைவிட மூத்தவர், பெருத்த உடம்பு, புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு. "கொழுப்ப ஊருக்கெல்லாம் விக்கிறவன் நான். மிச்சமானத வாங்குறவனும் நான்தான்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்து ஆஸ்பத்திரி வராந்தாவையே சிரிக்க வைப்பார். ஒரே நாளில் ரத்தம் கொடுக்க வருவதால் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. தம்பியின் கதையை டார்ச் சொன்னபோது அந்தப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சானின் செய்திகளை டார்ச் அவருக்கும் அனுப்பினார். நல்லெண்ணம்தான்.

அடுத்த முறை வந்தபோது பேக்கரிக்காரர் தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ராத்திரி பகல்னு பாக்காம வலிக்குது தம்பி. நீ அனுப்புனியே, தசையத் தின்னும்னு. படிச்சதுலேருந்து கவனிச்சுப் பாக்குறேன், நெஜமாவே திங்குது."

டார்ச்சின் மூளையில் சட்டென்று விளக்கெரிந்தது. வலி இருக்கிறதென்றால் மருந்து இருக்கிறது! எனக்கு ஒன்றுமே இல்லை, ஆக எனக்கு வந்தது வெறும் மாத்திரை. சந்தேகம் அன்றோடு உறுதியாகிவிட்டது.

வண்டி நிறுத்துமிடத்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து யோசனையை எடுத்துவிட்டார். "அண்ணே, உங்களுது நிஜ மருந்து. என்னுது டம்மி. ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்குவோம். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. உங்களுக்கு வலி பாதியாகும். எனக்குப் பாதி மருந்தாவது கெடைக்கும்."

பேக்கரிக்காரர் மோவாயைச் சொறிந்தார். "தப்பில்லையே தம்பி?"

"அவங்க நம்மகிட்ட ஒளிக்கிறாங்க. நாம அவங்ககிட்ட ஒளிச்சா என்ன தப்பு?"

"நம்ம ஆய்வு டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"கேட்டா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. உங்க வாயிலேருந்து வராதுன்னு சொல்லுங்க."

பெரியவர் வலிக்கும் தொடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "உன் தம்பிய நெனச்சா மனசு கேக்கல. எனக்குக் கெடச்சது உனக்கும் கெடைக்கட்டும்" என்று சொல்லி, ரொட்டி சுற்றும் காகிதப் பை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். இரண்டு டப்பாவும் அதில் கொட்டப்பட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே பெஞ்ச், அதே வேலை.

இதற்கிடையில் நர்ஸ் போன் செய்தாள். "உங்களுக்கு இருக்கறது பரம்பரைக் கொழுப்பா இருக்கலாம்னு டாக்டரம்மா நெனைக்கிறாங்க சார். உங்க பொண்ணயும் கூட்டிட்டு வாங்க, ரத்தம் மட்டும் பாத்துடலாம்."

மகள் நீச்சல் பயிற்சி கொடுப்பவள். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு, ஓட்டமும் நீச்சலுமாக வளர்ந்தவள். அவளுக்குக் கொழுப்பா? டார்ச்சுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே உள்ளுக்குள் சுருக்கென்றது. ஒரு எலி போதவில்லை, குடும்பத்தையே கூண்டில் அடைக்கப் பார்க்கிறார்கள்.

"அவளுக்கு நேரமில்ல" என்று போனை வைத்துவிட்டார். போன் வந்ததையே மகளிடம் சொல்லவில்லை, பேக்கரிக்காரரிடம் மட்டும் சொல்லிப் புலம்பினார்.

அதற்கடுத்த முறை போனபோது வராந்தாவில் பேக்கரிக்காரரைக் காணவில்லை. போன் அடித்தார், எடுக்கவில்லை. நர்ஸிடம் விசாரித்தால், "மத்தவங்களப் பத்திச் சொல்லக் கூடாது சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்டரம்மாவும் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது தெரிந்தது. இவரைக் கண்டதும் ஒருவர் திரையை இழுத்துவிட்டார். டார்ச்சுக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனிதரை என்னமோ செய்துவிட்டார்கள். இப்போது மூடி மறைக்கிறார்கள்.

ரத்தம் கொடுக்காமலே நழுவி, மாடி மாடியாக ஏறி, சொந்தக்காரர் போல ஒவ்வொரு வார்டாக எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார் பேக்கரிக்காரர். புருவத்தில் மாவு இல்லாததால் வேறு யாரோ போல இருந்தார். கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விரலை மட்டும் அசைத்தார். கட்டிலுக்கடியில் தொங்கிய பையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

"என்னண்ணே இது? என்ன பண்ணாங்க உங்கள?"

"தசையெல்லாம் கரைஞ்சு ரத்தத்துல கலக்குதாம் தம்பி. சிறுநீரகம் திணறுது. மொதல்ல மருந்துமேலதான் சந்தேகப்பட்டாங்க. அவசரம்னு சொல்லி, எனக்கு வந்தது எதுன்னு தெறந்து பாத்துட்டாங்க." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னுது டம்மியாம்."

டார்ச் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வழக்கமான மாத்திரை ரொம்ப நாளாவே ஒத்துக்கிட்டதுதான், டம்மி தின்னவனுக்கும் இப்படி ஆகாது, இது வேற ஏதோ பெரிய வியாதின்னு தேடிட்டிருக்காங்க. நாளைக்குத் தொடைய வெட்டி ஒரு துண்டு சதை எடுக்கப் போறாங்க. அப்புறம் ஏதோ கடுமையான மருந்தாம்." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் சொல்லல தம்பி. உனக்குக் குடுத்த வாக்கு."

இவருடையது டம்மி என்றால், கலந்த பையில் இருந்த மருந்து யாருடையது? விடை ஒன்றுதான். நிஜ மருந்து முதல் நாளிலிருந்தே டார்ச்சின் டப்பாவில்தான் இருந்திருக்கிறது. எதற்காக இத்தனை கள்ளத்தனம் செய்தாரோ அது அவர் கையிலேயே இருந்தது. அதைத்தான் பாதி பாதியாக இந்த மனிதருக்குக் கொடுத்திருக்கிறார்.

"ஆனா... அந்த மருந்து எனக்கு ஒண்ணும் பண்ணலியே அண்ணே? உங்கள மட்டும் ஏன்?"

"எனக்கு சிறுநீரகம் கொஞ்சம் வீக்கு. அதனால எனக்குன்னு கொறஞ்ச அளவு மாத்திரைதான்னு ஆரம்பத்துலயே சொல்லித்தான் சேத்தாங்க. நிஜமோ டம்மியோ, என்னுது சின்ன அளவுக் கணக்கு."

"இத நீங்க சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கவே இல்லியே தம்பி."

எப்படிப் படியிறங்கினார், எப்படி வண்டி ஓட்டினார் என்று டார்ச்சுக்குத் தெரியாது. மத்தியான வெயிலில் வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார். பூந்தொட்டி வரைக்கும்.

"இப்போ போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் கடைசியில். "போலீஸ்ல குடுப்பாங்க. எல்லாப் பழியையும் என் தலைல கட்டி அவங்க தப்பிச்சுப்பாங்க. மச்சானும் அதத்தான் சொல்வாரு."

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். அவள் பேசப் போகிறாள் என்பதற்கு அது அறிகுறி.

"எங்க அண்ணன் பாத்திரம் விக்கிறவரு. அவர்கிட்ட பாத்திரம் கேளுங்க" என்றாள். "அந்த மனுஷன் உங்களுக்காக வாய மூடிட்டுப் படுத்திருக்காரு. நீங்க யாருக்காக மூடிட்டு நிக்கிறீங்க?"

டார்ச் செருப்பைக் கழற்றவே இல்லை. அப்படியே திரும்பினார்.

டாக்டரம்மா அவர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். கலந்தது என்ற வார்த்தை வந்ததுமே போனை எடுத்து வார்டுக்குப் பேசினாள். "நாளைக்கு வெட்டறத நிறுத்துங்க. காரணம் தெரிஞ்சுடுச்சு. மருந்துதான்" என்று சொல்லி, என்னென்ன செய்ய வேண்டும் என்று அடுக்கினாள். போனை வைத்துவிட்டுத்தான் இவரைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"எவ்வளவு பெரிய காரியம் பண்ணிருக்கீங்க, தெரியுதா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவரு சிறுநீரகம் போயிருக்கும். இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாத்து நாங்களே அவரக் கொன்னிருப்போம். அவர் மட்டுமில்ல. இங்க எழுதுற கணக்க நம்பித்தான் நாளைக்கு எங்கெங்கயோ டாக்டருங்க இந்த மருந்த எழுதப் போறாங்க. டம்மி சாப்பிட்டவருக்கு இவ்வளவு கெடுதல் வந்துச்சுன்னு கணக்கு சொன்னா, மருந்தால வர்ற கெடுதல் யார் கண்ணுக்காவது தெரியுமா?"

"பண்ணது தப்புதான். ஆனா நீங்களும் ஏமாத்துனீங்க இல்ல?" என்றார் டார்ச். "நெஞ்சு அடைச்சுச் சாகப் போறவனுக்கு வெறும் மாவ உருட்டிக் குடுத்து, பொழைக்கிறானா சாகுறானான்னு பாக்குறது என்ன நியாயம்?"

டாக்டரம்மா திகைத்துவிட்டாள். "வெறும் மாத்திரைய மட்டும் நாங்க யாருக்கும் குடுக்கலியே. நல்லாக் கேக்குதுன்னு ஏற்கனவே நிரூபிச்ச மாத்திரை எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேலதான் புதுசு கூடுதலா உதவுதான்னு பாக்குறோம். யாருக்கு எதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சா எங்க கண்ணும் மனசும் ஒரு பக்கம் சாயும். அதனாலதான் எங்ககிட்டயே மறைச்சு, வெளில ஒரு குழுகிட்ட பூட்டி வச்சிருக்கோம். உங்களுக்கு அந்தப் பழைய மாத்திரை வந்துச்சு இல்ல?"

"அதத்தான் பூந்தொட்டில பொதைச்சுட்டேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ அவருக்கு மொதல்லயே வலி வந்துச்சே, நாங்க கலக்குறதுக்கு முன்னாடியே? அது எப்படி?"

"வலிக்கும்னு படிச்சாரு, வலி வருதான்னு உடம்பையே பாத்துட்டிருந்தாரு, வந்துச்சு. மாவு மூட்டை தூக்குற தொடை சாதாரணமாவே வலிக்கும். அவர் பொய் சொல்லல. அந்த வலிக்கு மாத்திரை காரணமில்ல, அவ்வளவுதான்." டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இதெல்லாம் மொத நாளே கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டேன்" என்றார் டார்ச். "சிஸ்டர் பேனாவ நீட்டுனாங்க."

ஓரத்தில் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவளை விரட்டியது யார் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும்.

"அது எங்க தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ் வரவில்லை. டார்ச்சை ஆய்விலிருந்து நீக்கினார்கள். நடந்தது முழுவதையும் ஆய்வைக் கண்காணிக்கும் குழுவுக்கு எழுதி அனுப்பினார்கள். அவருக்கு வைத்தியம் மட்டும் அதே ஆஸ்பத்திரியில் தொடர்ந்தது. பழைய மாத்திரையை இப்போது ஒழுங்காக விழுங்கினார். பேக்கரிக்காரர் தேறினார், ஆனால் மெதுவாக. அவர் எழுந்து நடக்கும் வரை பேக்கரி மூடியே கிடந்தது.

பார்க்கப் போன டார்ச்சிடம் பேக்கரிக்காரரின் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை நங்கென்று வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். டார்ச் கட்டிலருகே நின்றபடி மன்னிப்புக் கேட்டார்.

"நானும்தானே பையை விரிச்சேன்" என்றார் பேக்கரிக்காரர். பழைய சிரிப்பு பாதிதான் திரும்பியிருந்தது. "உன் மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். கோவம் போகணும்னா ஒண்ணு பண்ணு. பொண்ணுக்கு ரத்தம் பாக்கச் சொன்னாங்கன்னு சொன்னியே. கூட்டிட்டுப் போனியா?"

டார்ச் இல்லை என்று தலையாட்டினார்.

அன்று மாலையே மகளிடம் விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி எப்போது கூப்பிட்டது, தான் எப்படி மறைத்தார் என்பதையும் சேர்த்தே சொன்னார். "என் ரத்தத்துக்கு நீங்க யாருப்பா வேண்டாம்னு சொல்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளில் இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஈர்க்குச்சி உடம்புக்காரிக்கும் கொழுப்பு அதிகமாகத்தான் இருந்தது. அப்பாவிடமிருந்து இவருக்கும் தம்பிக்கும் வந்தது, இவரிடமிருந்து அவளுக்கும் போயிருந்தது.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் தெனமும் நீந்துறேன். அப்புறம் எப்படி?"

"நீந்தறது நல்லது, விடாதீங்க. ஆனா இது பொறக்கும்போதே வந்தது, நீந்தி மட்டும் கொறையாது. இப்பவே தெரிஞ்சது பெரிய விஷயம். உங்க சித்தப்பாவுக்கு இந்த வாய்ப்பு கெடைக்கல."

மாத்திரை எத்தனை காலம், தசை வலித்தால் யாரிடம் சொல்வது, நாளைக்குக் குழந்தை பெறுவதானால் என்ன செய்வது என்று மகள் கேட்டுக்கொண்டே போனாள். அவள் நிறுத்திய இடத்தில் டார்ச் தொடங்கினார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை பெற நினைத்தால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும், மாத்திரையை அப்போது நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை இரண்டு முறை சொன்னாள். நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, புரியாததை நிறுத்தி நிறுத்தி விளக்கினாள்.

வெளியே வந்ததும் டார்ச் செய்த முதல் வேலை, தம்பி மனைவிக்குப் போன் போட்டது. தம்பிக்கு இரண்டு மகன்கள், வளர்ந்த பையன்கள். அவர்களையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொன்னார்.

மறுமுனையில் சந்தேகம் குரலிலேயே தெரிந்தது. "எதுக்கு மாமா? நல்லா இருக்கற புள்ளைங்களக் கொண்டுபோய் ஊசி குத்தி, நோயாளின்னு முத்திரை குத்தி, காலத்துக்கும் மருந்து திங்க வைக்கவா? இதுல அவங்களுக்கு என்ன லாபமோ, யார் கண்டா?"

தன் குரலையே வேறொரு வாயிலிருந்து கேட்பது போல இருந்தது அவருக்கு. கோபப்படவில்லை.

"சந்தேகம் இருக்கா? இருக்கட்டும்மா. சந்தேகப்படறதுல தப்பே இல்ல" என்றார். "ஆனா அத மனசுக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டு நாமளா ஒரு முடிவு எடுக்கறோம் பாரு, அதுதான் உயிர வாங்குது. நான் அப்படித்தான் ஒரு நல்ல மனுஷனப் படுக்க வச்சேன். இருக்கற சந்தேகத்தையெல்லாம் அள்ளிக்கிட்டு நாளைக்குக் காலைல பசங்களோட வா. டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா கேளு. பதில் வர்ற வரைக்கும் எந்திரிக்காத. நானும் பக்கத்துல உக்காந்திருக்கேன்."